இருபத்து மூன்றாம் பக்கம்

2024 ஜூன் 10, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள மருத்துவ ஆய்வாளர் மேற்பயிற்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில், நாற்பது பட்டதாரிகள் முப்பத்தெட்டுப் பக்க ஒப்புதல் படிவம் ஒன்றில் பக்கத்துக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள். பதினொரு மணிக்கு எல்லாரும் முடித்துவிட்டார்கள். சிந்து பத்து ஐம்பதுக்கே முடித்துவிட்டாள்.

சிந்துவுக்கு இருபத்தாறு வயது. பிசியோதெரபி படித்து, அடையாற்றில் ஒரு கிளினிக்கில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். அவளுடைய அப்பா நல்லசிவத்துக்குத் தியாகராய நகரில் மூன்று மாடிச் சேலைக் கடை. அங்கே அறுபத்திரண்டு பெண்கள் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நின்று சேலை விரித்தார்கள், மடித்தார்கள். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. இருக்கைகளும் வந்திருந்தன. அவை மாடிப்படிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, தூசி படியாமல் பாலித்தீன் போட்டு மூடப்பட்டிருந்தன.

முதல் மாடியில் காட்டன் சேலைப் பிரிவில் பதினொரு வருடமாக நிற்பவர் சீதா. சைதாப்பேட்டையிலிருந்து வருகிறார். இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே ஒரு புண் ஏழு மாதமாக ஆறாமல் இருந்தது. சிந்து அதைத் தற்செயலாகத்தான் பார்த்தாள். பிறகு மற்றவர்களின் கால்களையும் பார்த்தாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் பேசினாள்.

"எல்லாரும் நிக்கத்தான செய்யுதாங்க," என்றார் நல்லசிவம். "நானுந்தான் நாப்பது வருசமா நிக்கேன். எனக்கு ஒண்ணும் வரலியே."

"நீங்க கல்லாவுல உக்காந்திருக்கீங்கப்பா."

"அது இப்பதான." அவர் ரசம் ஊற்றிக்கொண்டார். "இங்க பாரும்மா. நான் மட்டும் பிள்ளைகள உக்கார வச்சா, வாறவங்க என்ன நினைப்பாங்க? நல்லசிவம் கடையில யாவாரம் இல்ல, பிள்ளைக சும்மா கெடக்குன்னு எதுத்த கடைக்குப் போயிருவாங்க. நீ படிச்சவ. நிக்கதாலதான் இது வருது, இடையில உக்காந்தா கொறையுதுன்னு முறையா ஆராய்ச்சி பண்ணி ஒரு பேப்பர் கொண்டா. வியாபாரிகள் சங்கத்துல நானே எந்திரிச்சுப் பேசுதேன். நூத்தம்பது கடையிலயும் சேர் போட வைக்கேன்."

நல்லசிவம் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. சிந்து அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள்.

ரத்தக்குழாய் அறுவை நிபுணர் டாக்டர் சாருலதாவைப் போய்ப் பார்த்தாள். ஆய்வுக்கு வழிகாட்ட அவர் சம்மதித்தார். அறுபது பெண்கள், முப்பது பேருக்கு மணிக்குப் பத்து நிமிடம் உட்கார இருக்கை, முப்பது பேர் இப்போது இருப்பது போலவே, ஆறு மாதம் கழித்து கால்களை ஒப்பிட வேண்டும். ஆனால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும் என்றால் சிந்துவிடம் மருத்துவ ஆய்வில் பயிற்சிச் சான்றிதழ் இருக்க வேண்டும். "நான் 2025 ஜூலை முப்பத்தொண்ணு ரிட்டயர் ஆறேன். அதுக்கப்புறம் இங்க காலைப் பாக்க ஆள் கிடையாது. எல்லாரும் ஹார்ட்டுக்குப் போயிட்டா. அதுக்குள்ள அனுமதி வாங்கிட்டா ரிட்டயர் ஆனப்புறமும் நானே வந்து முடிச்சுத் தருவேன். சான்றிதழோட வா," என்றார் டாக்டர்.

அப்படித்தான் சிந்து நிலையத்துக்கு வந்தாள். பதிவாளர் ஜானு அவளை உட்காரச் சொல்லி ஒரு வழவழப்பான கையேட்டைத் திறந்தார்.

"மூணு வழி இருக்கு. உனக்கு எது வேணும்னு நீதான் சொல்லணும். ஆய்வுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணுமா, ஆய்வைப் பத்திப் பேசணுமா, இல்ல ஆய்வாளர்னு கார்டு அடிச்சுக்கணுமா?"

"ஆய்வு பண்ணணும் மேடம்."

ஜானு கையேட்டின் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார். "அது நாலாவது. அது இன்னும் ஆரம்பிக்கலை."

இருந்த மூன்றையும் அவர் விளக்கினார். ஆறு மாதப் படிப்பை முடித்தவர்கள் ஓராண்டுப் படிப்பின் இரண்டாம் பாதியில் சேரலாம். ஓராண்டு முடித்தவர்கள் ஈராண்டில் சேரலாம். ஈராண்டு முடித்தவர்கள் ஆறு மாதப் படிப்பில் பாடம் நடத்தலாம்.

"ஒரு சுத்து வந்துடும். இங்க இருக்கிற ஸ்டாஃப் முக்கால்வாசி அப்படி வந்தவாதான்."

"ஆய்வு பண்ணினவங்க யாராவது பாடம் எடுப்பாங்களா மேடம்?"

"அவாளுக்கு ஆய்வு இருக்கே. அவா எதுக்கு இங்க வரப்போறா?"

ஓராண்டுப் படிப்பு 2025 ஜூனில் முடிகிறது. டாக்டர் ஓய்வு பெற அப்போது ஒரு மாதம் மிச்சம் இருக்கும். சிந்து அதில் சேர்ந்தாள்.

முதல் நாள் படிவத்தை வழங்குமுன் இயக்குநர் டாக்டர் சுந்தரராமன் இருபது நிமிடம் பேசினார். "ஒரு ஆய்வில் பங்கேற்பவரின் ஒப்புதல்தான் நம் தொழிலின் அஸ்திவாரம். பங்கேற்பவர் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். படித்ததைப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்ததைப் பற்றி வீட்டில் போய் யோசிக்க வேண்டும். அவசரப்படுத்திப் பெறுகிற கையெழுத்து கையெழுத்தே இல்லை." பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "டீ ஆறிடும். சீக்கிரம் போட்டுக் குடுங்க."

கையெழுத்து முடிந்ததும் ஆளுக்கொரு ஒட்டிய உறை தரப்பட்டது. உள்ளே ‘வலது’ அல்லது ‘இடது’ என்று அச்சிட்ட சீட்டு. இருபது பேர் வலது அறைக்குப் போனார்கள், இருபது பேர் இடது அறைக்கு. இடம் போதாததால் பிரிக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். சிந்து இடது அறை. பக்கத்து நாற்காலியில் ராயப்பேட்டையிலிருந்து வரும் பல் மருத்துவர் கைசர் ஜஹான்.

இடது அறைக்கு ஆசிரியர் பீர் முஹம்மது. கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்றை மாணவர்கள் முன்னால் கத்தரித்து, உள்ளே இருக்கும் பாடத்தை எடுத்து நடத்துவார். முதல் மாதம் ஆய்வின் முக்கியத்துவம் நடந்தது. இரண்டாம் மாதம், அந்த முக்கியத்துவத்தை உணர்வதன் அவசியம் நடந்தது. மூன்றாம் மாதம் ஆய்வின் எதிர்காலம். சுவருக்கு அப்பால் வலது அறையில் என்ன நடக்கிறது என்று இவர்களுக்குத் தெரியாது. சில நாள் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

இரண்டாவது வாரத்தில் வலது அறையிலிருந்து பாலகணேஷ் என்ற பார்மசி பட்டதாரி நின்றுவிட்டான். வேளச்சேரியில் மாமாவின் மருந்துக் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

புரட்டாசியில் ஒரு வீட்டுப்பாடம் வந்தது. மருத்துவம் படிக்காத ஒருவரிடம் ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு என்ன புரிந்தது என்று கேட்டு எழுதி வர வேண்டும். சிந்துவிடம் இருந்த ஒரே படிவம் அவள் கையெழுத்துப் போட்டதன் நகல்தான். அதைச் சீதாவிடம் கொடுத்தாள். புரட்டாசி கல்யாணம் இல்லாத மாதம். மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை கூட்டம் இருக்காது. சீதா படிவத்தைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, நின்றபடி, விரல் வைத்துப் படித்தார். நான்கு நாள் ஆயிற்று. நான்காம் நாள் கூப்பிட்டார்.

"சிந்து பாப்பா, இத்த ஃபுல்லா படிச்சியா நீ?"

"கையெழுத்துப் போட்டிருக்கேனே சீதாக்கா."

"அத்த யாரு கேட்டா. படிச்சியான்னேன்."

சிந்து மேசைமேல் இருந்த படிவத்தைப் பார்த்தாள்.

"இருவத்து மூணாம் பக்கம் எடு. பங்கேற்பாளர்னு போட்டுகீது பாரு, அது நீதானே? இந்தா, ‘பங்கேற்பாளர்களில் ஒரு பாதியினருக்குப் பயிற்சி அளிக்கப்படும். மறு பாதியினருக்குப் பயிற்சியைப் போன்ற ஒன்று அளிக்கப்படும்.’ இன்னா பாப்பா அது, பயிற்சியைப் போன்ற ஒண்ணு?"

சிந்து வாங்கிப் படித்தாள். அடுத்த வரியையும் படித்தாள். யார் எந்தப் பாதி என்பது பங்கேற்பாளருக்கோ ஆசிரியருக்கோ ஆண்டு முடியும்வரை தெரிவிக்கப்படாது என்று அதில் இருந்தது.

"நம்ம கடையிலயே பட்டுன்னா பட்டு, ஆர்ட் சில்க்னா ஆர்ட் சில்க்னு சீட்டு குத்தித்தான் விக்கிறோம்," என்றார் சீதா. அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டதால் சேலை விரிக்கப் போனார்.

மறுநாள் முப்பத்தொன்பது பேரும் இருபத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தார்கள். பிறகு கூட்டமாக இயக்குநர் அறைக்குப் போனார்கள். சுந்தரராமன் அவர்களை வரவேற்றார்.

"எந்த மருந்தையும் சோதிக்காமல் மனிதனுக்குக் கொடுப்பதில்லை. பயிற்சியை மட்டும் சோதிக்காமல் கொடுக்கலாமா? இந்தியாவில் இதை முதலில் கேட்டது நாம்தான். பாதிப் பேருக்கு உண்மைப் பாடம், பாதிப் பேருக்குப் போலிப் பாடம். ஆண்டு இறுதியில் ஒரே தேர்வு. உண்மைப் பாடத்தைத் தயாரிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. போலிப் பாடத்துக்குப் பதினான்கு மாதம். அதே நீளம், அதே எழுத்தளவு, அதே அளவு தூக்கம் வர வேண்டும். தவறிக்கூட உபயோகமான ஒரு வரி வந்துவிடக் கூடாது. மூன்று பேராசிரியர்கள் வரிவரியாகப் படித்துப் பார்த்து, உபயோகமாக எதுவும் இல்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள்."

"எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் கைசர் ஜஹான்.

"சொன்னோம். இருபத்து மூன்றாம் பக்கத்தில்."

"யாரும் படிக்கலையே சார்."

"தெரியும். நாற்பதில் நாற்பது. அதைத் தனிக் கட்டுரையாக அனுப்பியிருக்கிறோம்." அவர் சிந்துவைப் பார்த்தார். "சேர்க்கை விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். நீங்களும் முப்பது பெண்களை உட்கார வைக்காமல் நிற்க விடத்தானே போகிறீர்கள்? ஒப்பீடு இல்லாமல் ஆய்வு உண்டா?"

சிந்து வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் அதைப் பற்றி யோசித்தாள். மறுநாளும் யோசித்தாள்.

முப்பத்தோராம் பக்கத்தின்படி யாரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் சான்றிதழ் உண்டு என்றோ இல்லை என்றோ அந்தப் பக்கத்தில் இல்லை. ஒருவரும் விலகவில்லை. ஒவ்வொருவரும் தான் உண்மைப் பாதியில் இருப்பதாக நம்பினார்கள்.

"நம்மதுதான் ஒரிஜினல்," என்றாள் கைசர் ஜஹான். "டூப்ளிகேட்னா கொஞ்சமாவது இன்ட்ரஸ்டா பண்ணியிருப்பாங்க. இவ்ளோ போர் அடிக்குதுன்னா சத்தியமா ஒரிஜினல்தான்."

"அந்த ரூம்ல சிரிக்கிறாங்களே?"

"அதான் சொல்றேன். பாவம் அவங்க."

தான் நடத்துவது எது என்று பீர் முஹம்மதுவுக்கும் தெரியாது. அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "முப்பத்து மூணு வருஷம் காலேஜ்ல நடத்தினேன். அப்பவும் எங்கிட்ட யாரும் சொன்னதில்லம்மா," என்றார். உறையைக் கத்தரித்தார்.

நவம்பரில் சிந்துவின் பையில் ஒரு புத்தகம் அகப்பட்டது. ஆறாத புண்களை அளப்பது, ஒப்பிடுவது பற்றிய பாடநூல். மயிலாப்பூரில் ஒரு நூலகத்திலிருந்து எடுத்தது. ஜானு அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"வெளியில படிச்சியா?"

"நாலு அத்தியாயம் மேடம்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"எல்லாமேவா?"

"ஆமா மேடம்."

ஜானு பேனாவை மூடி வைத்தார். "ஏன்டியம்மா இப்படிப் பண்றே? நீ போலிக் குழுவா இருந்து ஏதாவது கத்துண்டுட்டேன்னா எங்க ஆய்வு என்ன ஆறது? உண்மைக் குழுவா இருந்து கத்துண்டாலும், எங்களால கத்துண்டியா, புஸ்தகத்தால கத்துண்டியான்னு எப்படித் தெரியும்?"

கோப்பில், ‘விதிமீறல்: பங்கேற்பாளர் கற்றார்’ என்று எழுதப்பட்டது. பரிகாரமாக இரண்டு வாரம் அவள் எதையும் படிக்கக் கூடாது, வகுப்புக்கும் வரக் கூடாது. அந்தக் காலத்தில் கற்றது வடிந்துவிடும் என்று நிலையத்தின் நெறிமுறைக் குழு கணித்திருந்தது.

அந்த இரண்டு வாரமும் சிந்து கடைக்குப் போனாள். ஜாக்கெட் பிரிவிலிருந்து ஒரு அளவு நாடா வாங்கிக்கொண்டு, விருப்பப்பட்ட பெண்களின் கெண்டைக்காலைக் காலையில் வந்ததும் ஒரு தடவையும் இரவு கிளம்புமுன் ஒரு தடவையும் அளந்தாள். ஐம்பத்தெட்டுப் பேர் காலை நீட்டினார்கள். இரவில் சராசரியாக ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது. சீதாவுக்கு மூன்று. அவர் புண்ணையும் அளந்து, கட்டுப் போட்டுவிட்டாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினாள்.

நோட்டை பீர் முஹம்மதுவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கும்மா. எங்கிட்ட காட்டினேன்னு யார்கிட்டயும் சொல்லாத. நான் ஏதாவது சொல்லிக் குடுத்துட்டா சோதனை கெட்டுடும்."

ஜனவரியில், ‘ஆய்வும் சமுதாயமும்’ என்ற பாடத்தின் நாற்பதாவது நிமிடத்தில், இடது அறையில் ஒருவர் தூங்கி நாற்காலியிலிருந்து கீழே விழுந்தார். நெற்றியில் இரண்டு தையல். விதிப்படி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நெறிமுறைக் குழு கூடியது. குழுவில் ஏழு பேர். விழுந்ததற்கும் பாடத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று மூன்று பேரும், விழுந்ததற்கும் நாற்காலிக்கும் தொடர்பு உறுதியாக இருக்கிறது என்று நான்கு பேரும் சொன்னார்கள். பெரும்பான்மை முடிவின்படி நாற்காலிகள் அகற்றப்பட்டன. இரண்டு அறைகளும் எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும் என்பதால் வலது அறையிலும் அகற்றினார்கள்.

பிப்ரவரியிலிருந்து முப்பத்தொன்பது மாணவர்களும் நாளுக்கு ஆறு மணி நேரம் நின்று பாடம் கேட்டார்கள். நிற்பதால் வரும் கால் வீக்கம் பற்றித் தன்னிடம் கணக்கு இருப்பதாகச் சிந்து இயக்குநருக்குக் கடிதம் எழுதினாள். அந்தக் கணக்கு பயிற்சி பெறாத ஒருவரால் எடுக்கப்பட்டிருக்கலாம் என்பதால் ஏற்க முடியவில்லை என்று பதில் வந்தது.

சீதா மட்டும்தான் அவளுக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தார்.

"ரெண்டு கால்லயும் ஒண்ணா நிக்காதே பாப்பா. ஒரு காலு மாத்தி ஒரு காலு. எங்க மேசைக்குக் கீழ குட்டிப் பலகை கீது பாரு, அத்து மேல ஒத்தக் கால வெச்சுக்க. குதிகால தூக்கித் தூக்கி எறக்கு. யாரும் பாக்க மாட்டாங்க."

"இது உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பா? நின்னுக்கினே கெடந்தா தானா வருது." சீதா சிரித்தார். "உங்க ஸ்கூல்ல எனக்கு ஒரு வேலை கேளேன்."

மாணவர்களிடம் இதைச் சிந்து சொன்னாள். இடது அறையில் இருபது பேரும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள். பீர் முஹம்மதுவும் செய்தார். அந்த ஆண்டு அந்த அறையில் கற்பிக்கப்பட்டவற்றில் அது ஒன்று.

2025 ஜூன் 27, வெள்ளிக்கிழமை, மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கில் முடிவு வெளியிடப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். நால்வருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுந்தரராமன் பூட்டிய பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்து வாசித்தார். வலது அறை உண்மைப் பாடம். இடது அறை போலிப் பாடம்.

கைசர் ஜஹான் சிந்துவைப் பார்த்தாள். "அந்த போரெல்லாம் டூப்ளிகேட்டா?" என்றாள்.

பிறகு தேர்வு முடிவு. வலது அறையின் சராசரி நூற்றுக்கு நாற்பத்தொன்று. இடது அறையின் சராசரியும் நாற்பத்தொன்று. சிந்து எண்பத்தொன்பது வாங்கியிருந்தாள். அது மற்றவர்களிலிருந்து மிகவும் விலகியிருந்ததால் பிழையாகக் கருதிக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

"இது ஒரு மகத்தான வெற்றி," என்றார் சுந்தரராமன். "எங்கள் பயிற்சியால் யாருக்கும் எந்த விளைவும் இல்லை என்பது அறிவியல் முறைப்படி நிரூபணமாகியிருக்கிறது. அதாவது அது முற்றிலும் பாதுகாப்பானது. தையல் போட்ட அந்த நண்பர்கூடப் போலிக் குழுவைச் சேர்ந்தவர்தான். இன்று இந்தியாவில் எத்தனை பயிற்சி நிலையங்கள் நெஞ்சில் கை வைத்து இப்படிச் சொல்ல முடியும்? நானூறு பேரைக் கொண்டு இதைப் பெரிய அளவில் மறுபடியும் செய்ய இருக்கிறோம்."

கைதட்டினார்கள்.

சான்றிதழ் வழங்கும்போது முதலில் பாலகணேஷின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆய்வு விதிப்படி, ஒருவர் கடைசிவரை இருந்தாரா என்று பார்க்கக் கூடாது. முதல் நாள் குலுக்கலில் அவருக்கு எது கொடுக்க நினைத்தார்களோ அதைப் பெற்றவராகவே அவரைக் கணக்கிட வேண்டும். பாலகணேஷுக்கு உண்மைப் பயிற்சி கொடுக்க நினைத்திருந்தார்கள். அவன் மருந்துக் கடையை அரை நாள் சாத்திவிட்டு வேளச்சேரியிலிருந்து வந்திருந்தான். மேடைக்குப் போகுமுன் சிந்துவிடம் வந்தான்.

"எனக்கே ஒரு மாதிரி கீது சிந்து. பதிமூணு நாள்தான் வந்தேன். அதுல ரெண்டு நாள் லீவு. வாங்கிக்கவா, வாணாமா?"

"வாங்கிக்கோ."

"இது இன்னாத்துக்கு ஆவும்?"

"தெரியல."

வலது அறையினரின் சான்றிதழில் ‘பயிற்சி பெற்றவர்’ என்று இருந்தது. இடது அறையினரின் சான்றிதழில் ‘பயிற்சியைப் போன்ற ஒன்றைப் பெற்றவர்’ என்று இருந்தது. தாளும் தங்க ஓரமும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை சிந்து படிவத்தின் முப்பத்து நான்காம் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஜானுவிடம் போனாள். இப்போது அவள் எல்லாப் பக்கங்களையும் படித்திருந்தாள். சோதனை முடிந்ததும் போலிக் குழுவினருக்கு உண்மைப் பயிற்சி வழங்கப்படும் என்று அந்தப் பக்கம் சொன்னது.

"வாஸ்தவம்தான், குடுக்கணும்," என்றார் ஜானு. "ஆனா அதுல பலன் இல்லைன்னு இப்ப நிரூபணமாயிடுத்தே. பலன் இல்லைன்னு தெரிஞ்சே உனக்குக் குடுத்தா அது நெறிமுறைக்கு விரோதம் இல்லையோ?"

"அப்போ வலது ரூம்காரங்களுக்கு மட்டும் பயிற்சி பெற்றவர்னு ஏன் மேடம் குடுத்தீங்க?"

"அவா நிரூபணத்துக்கு முன்னாடியே வாங்கிண்டுட்டாளே." ஜானு குரலைத் தாழ்த்தினார். "இங்கயே அசிஸ்டென்டா சேர்ந்துடேன். நானூறு பேர் வரப்போறா. போலிப் பாடத்தை முழுசா கேட்டவா யாருமே இதுவரைக்கும் எங்ககிட்ட கிடையாது. டைரக்டருக்கு உன்மேல அபிப்பிராயம் இருக்கு."

சிந்து வேண்டாம் என்றாள். அந்த வேலையில் கைசர் ஜஹான் சேர்ந்தாள். "ஸ்டாஃபுக்கு நாற்காலி உண்டுல்ல, போதும்டீ," என்றாள்.

ஜூலை 8 அன்று மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடியது. டாக்டர் சாருலதா விண்ணப்பத்தையும், சிந்துவின் நோட்டையும், சான்றிதழையும் வைத்தார். குழுவின் செயலர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார்.

"சான்றிதழே இல்லாம வந்திருந்தாக்கூட, எங்கயோ கத்துக்கிட்டிருக்கலாம்னு யோசிச்சிருப்போம் மேடம். இவங்க பயிற்சி பெறலைன்னு இதுல எழுத்துபூர்வமா இருக்கு. நாங்க என்ன பண்றது?"

"அந்தப் பொண்ணு அம்பத்தெட்டுப் பேர் காலை அளந்து வச்சிருக்கா. அதைக் கொஞ்சம் பாருங்கோ."

"அது இன்னும் சிக்கல் மேடம். ஒப்புதல் படிவம் வாங்காம அளந்திருக்காங்க."

பயிற்சி பெற்ற வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு வரும்படி குழு அறிவுறுத்தியது. சிந்து பாலகணேஷுக்குப் போன் செய்தாள். அவன் உடனே சம்மதித்தான். "கையெழுத்துத்தானே, நான் போடறேன். படிச்சிட்டே போடறேன்," என்றான். குழு அடுத்து கூடுவது ஆகஸ்ட் 12 அன்று என்று மருத்துவமனையில் சொன்னார்கள். டாக்டர் சாருலதா ஜூலை 31 அன்று ஓய்வு பெற்றார். அவர் மேசையை ஆகஸ்ட் முதல் தேதி இதயப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். வழிகாட்டி இல்லாததால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது.

நல்லசிவம் அன்று இரவு அவளுக்காகக் காத்திருந்து ஒன்றாகச் சாப்பிட்டார்.

"பேப்பர் வந்துச்சாம்மா?"

"இல்லப்பா."

"ஒண்ணுமே இல்லியா?"

"அளந்த நோட்டு இருக்கு. பாக்கறீங்களா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். பெயர்களை வரிசையாகப் படித்தார். எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். "எல்லாருக்கும் கூடியிருக்கே," என்றார். பிறகு, "இத வச்சு சங்கத்துல பேசினா, நீங்களே அளந்தியளா அண்ணாச்சின்னு கேப்பான். ஆஸ்பத்திரி சீல் இல்லாம என்னன்னு சொல்ல?" என்றார். நோட்டை மேசைமேல் வைத்தார். ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. கடையில் அவருக்கு நிறைய வேலை இருந்தது.

தள்ளுபடி ஆகஸ்ட் 16 அன்று முடிந்தது. அதுவரை நின்றுவிட்டு, சீதா வேலையை விட்டார். 18ஆம் தேதி திங்கட்கிழமை காலின் புண்ணுக்காக அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். சிந்து கூடப் போயிருந்தாள். சேர்க்கைச் சீட்டு எழுதியவர் பெயர், வயது, முகவரி கேட்டார். பிறகு தொழில் கேட்டார்.

"பன்னெண்டு வருஷம் ஜவுளிக் கடையில நின்னவங்க சார்," என்றாள் சிந்து.

"இப்ப?"

"இப்ப வேலையில இல்லை."

அவர் அந்தக் கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதினார்.